காலியா ஓட்டிப் பாக்காத மெக்கானிக்

"ஓட்டுறவன் சொல்றத எல்லாரும் கேக்குறாங்க. உக்காந்து வர்றவங்கள எவன் கேக்குறான்?"

காலையில ஷட்டரத் தூக்கும்போது அந்த மெக்கானிக் வாயில வர்ற முதல் பேச்சு இதுதான். சாயங்காலம் இறக்கும்போதும் இதேதான். "வருஷக்கணக்கா கேக்குறேன், எனக்குக் காதே மரத்துப் போச்சு"ன்னு அவரு சம்சாரம் சொன்னாங்க. முதல் தடவை கேட்டப்ப நானும் தலையில அடிச்சுக்கிட்டேன். வண்டியப் பாருங்கன்னு வந்தா இவரு என்ன புலம்பிக்கிட்டு இருக்காருன்னு.

நாங்க அங்க போனது எங்க மாமனாருக்காக. அவருக்கு முதுகுத்தண்டுல ஆபரேஷன். டாக்டர் தெளிவா சொல்லிட்டாரு. வாரத்துக்கு ரெண்டு நாள் கூட்டிட்டு வந்து பயிற்சி குடுக்கணும், மூணு மாசத்துக்குள்ள கால் தேறினாத்தான் உண்டு, அப்புறம் தேறுறது கஷ்டம்னு. அந்த இடம் எங்க வீட்டுலேருந்து முக்கால் மணி நேரம். சின்ன டாக்சியில அவரால குனிஞ்சு ஏற முடியல. சீட்டு பள்ளத்துல கெடக்கு, உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். அதனால கொழுந்தனோட பெரிய வண்டியில கூட்டிட்டுப் போனோம்.

அந்த வண்டியப் பத்தி நான் சொல்லியே ஆகணும். உயரமா இருக்கு, கம்பீரமா இருக்குன்னு சொல்லி வாங்குன எஸ்யூவி அது. வாங்கி ஆறு மாசத்துல, அது உயரமா இருக்குறது நல்லா இல்லன்னு ஒரு கடையில குடுத்து இறக்கிட்டான். அதுக்கு முதல்லயே ஒரு குட்டை வண்டிய வாங்கித் தொலைச்சிருக்கலாம். சரி, அதோட விட்டானா? எங்க சின்னப் பையன் நின்னா நெஞ்சு உயரம் வர்ற மாதிரி பளபளன்னு நாலு சக்கரம். சக்கரம்தான் பெருசு, அதச் சுத்தி டயர் இருக்கான்னு தேடித்தான் பாக்கணும். வளையலுக்கு ரப்பர் ஒட்டுன மாதிரி இருக்கும்.

எட்டு தடவை மாமனார் போயிட்டு வந்தாரு. வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்ற மனுஷன் இல்ல. போயிட்டு வந்து சுவத்தப் பாத்துப் படுத்துக்குவாரு, அவ்வளவுதான். ஒம்பதாவது தடவை வாசல் நிலையப் பிடிச்சுக்கிட்டாரு.

"நான் வரலம்மா."

"ஏன் மாமா?"

"அங்க போயி நல்லாக்குற முதுகு, திரும்பி வர்றதுக்குள்ள பழையபடி ஆயிருது. எதுக்கு வீணா?"

மூணு மாசத்துல ஒரு மாசம் ஏற்கெனவே போயிருந்துச்சு.

கொழுந்தன் கெட்டவன் இல்ல. அவன் அப்பா மேல அவனுக்கு உசுரு. ஆனா அவனுக்குப் புரியல. "அண்ணி, சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியல. ஸ்மூத்தாத்தான போகுது"ன்னான். அவன் சொன்னது பொய்யும் இல்ல. முன்னாடி சீட்டுல உக்காந்து ஸ்டீயரிங்கப் பிடிச்சிருக்குறவனுக்கு அந்தக் குலுக்கல் பாதிதான் தெரியும். பள்ளம் வர்றது கண்ணுக்குத் தெரியுது, உடம்பு தானா தயாராயிருது. பின்னாடி இருக்குறவங்களுக்கு அடி விழுந்தப்புறம்தான் தெரியும்.

மூணு இடத்துல காட்டுனான். ஒருத்தன் நாலு ஷாக் அப்சார்பரும் போயிருச்சுன்னு புதுசு மாட்டுனான். இன்னொருத்தன் டயர்ல காத்தக் குறைச்சான். மூணாவது ஆளு அலைன்மென்ட், பேலன்சிங்னு அரை நாள் வச்சுக்கிட்டான். மூணு பேரும் ஓட்டிப் பாத்தாங்க, நல்லாருக்குன்னாங்க. இவனும் ஓட்டிப் பாத்தான், நல்லாருக்குன்னான். வீட்டுக்கு வந்து நாங்க ஏறி உக்காந்தா பழையபடி டமால்.

எங்க தெருவுல ஸ்கூல் வேன் ஓட்டுற அக்காதான் சொன்னாங்க. "மரக்கடை சந்துல ஒருத்தர் இருக்காரு. பின்சீட்டுக்காரர்னு கேளுங்க, எல்லாருக்கும் தெரியும்."

நானும் கொழுந்தனும் போனோம். கடையா அது? தகரக் கூரை, வண்டிய மேல நிறுத்திட்டு கீழ எறங்கிப் பாக்க ஒரு குழி, ஒரு கால் ஆடுற பெஞ்சு. நான் பெஞ்சுல உக்காரல, புடவை போயிரும். ஐம்பது வயசு இருக்கும் அவருக்கு. ஒரு கண்ணு வெள்ளையா இருந்துச்சு. வண்டிய ஏறெடுத்துக்கூடப் பாக்கல.

"யாருக்கு வலிக்குது?"

"எங்க மாமனாருக்கு."

"அவரு எங்க?"

"வீட்டுல."

"அப்ப வண்டியும் வீட்டுலயே இருக்கட்டும். போயிட்டு வாங்க."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "ஆபரேஷன் பண்ணுன மனுஷன உங்க குழிக்குள்ள இழுத்துட்டு வரணுமா? நீங்க என்ன டாக்டரா?"ன்னு கேட்டுட்டேன்.

"டாக்டர்கிட்டயாவது ரிப்போர்ட்ட மட்டும் காட்டலாம்மா. என்கிட்ட அதுவும் முடியாது." அப்படியே நின்னு யோசிச்சாரு. "பெரியவர் என்ன எடை?"

"அறுபத்தெட்டு கிலோ."

"நான் எழுபது. அவரு இடத்துல நான் உக்காந்துக்குறேன். அவரோட வழக்கமா யார் யார் போவீங்களோ அவங்கெல்லாம் நாளைக்கு வாங்க. டிக்கியில என்னென்ன ஏத்துவீங்களோ அத்தனையும் ஏத்திக்கிட்டு வாங்க. ஒரு தலகாணிகூட விடாதீங்க."

மறுநாள் போனோம். நான், மாமியார், கொழுந்தன். டிக்கியில மடக்குன வீல்சேர், நடக்குற ஸ்டாண்டு, மூணு தலகாணி, ஒரு குடம் தண்ணி, மாமனாரோட துணிப்பை. மெக்கானிக் ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்துட்டு மாமியார் பக்கம் திரும்புனாரு.

"அம்மா, நீங்க எத்தனை கிலோ?"

"எதுக்கு?"

"கணக்குக்குத்தான்."

"அறுபது."

அவரு என்னயப் பாத்தாரு. நான் வானத்தப் பாத்தேன். எண்பதுன்னு மனசுல போட்டுக்கிட்டிருப்பாரு.

அப்புறம்தான் வேடிக்கை. கிளம்பலாம்னு பாத்தா, அவரு ஸ்டீயரிங் பக்கமே போகல. உள்ளேருந்து அவரு சம்சாரம் கையத் தொடைச்சுக்கிட்டே வந்து டிரைவர் சீட்டுல ஏறுனாங்க. கொழுந்தன் மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. அவன் வண்டிய அவன் அண்ணன்கிட்டகூட குடுத்ததில்ல.

"பயப்படாதீங்க தம்பி"ன்னாங்க அந்தம்மா. "உங்க சக்கரத்துக்கு ஒரு கீறல் விழுந்தா எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போயிருங்க. எனக்கும் நிம்மதி."

கிளம்புறதுக்கு முன்னாடி அவரு குழிக்குள்ள எறங்கி, பிள்ளைங்க விளையாடுற களிமண்ண ஒரு உருண்டை எடுத்து பின்பக்கம் ரெண்டு இடத்துல ஒட்டிட்டு வந்தாரு. பஸ் டிப்போ பின்னாடி ஒரு ரோடு இருக்கு, ரோடுன்னு பேருதான், மாமனாரப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போற வழியும் அதுதான். ரயில்வே கேட்டு, மூணு வேகத்தடை, குழாய்க்குத் தோண்டி மூடுன பள்ளம், எல்லாம் ஒரே ரோட்டுல. எங்க மாமனார் எப்படிச் சாய்வாருன்னு எங்ககிட்ட கேட்டுக்கிட்டு, மெக்கானிக்கும் அப்படியே சாஞ்சு, கண்ண மூடிக்கிட்டு வந்தாரு.

தடதடன்னு ஒரு சத்தம். "இது டயரு."

கொஞ்ச தூரம் போயி டமார்னு ஒண்ணு. என் நடுமண்டையில ஏறுச்சு. மாமியார் ஐயோன்னாங்க.

"இது வேற"ன்னாரு. "டயர் அடிச்சா பல்லுதான் ஆடும். இது நேரா இடுப்ப வந்து கேக்குது."

திரும்பி வந்து குழி மேல நிறுத்துனதும், "யாரும் எறங்காதீங்க"ன்னு அவரு மட்டும் கீழ போனாரு. கொழுந்தனையும் கூப்பிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் பொம்மை மாதிரி உள்ள உக்காந்திருக்கோம். அப்புறம் எறங்கச் சொன்னாரு. எறங்குனோம். ஏறுங்கன்னாரு. ஏறுனோம். மூணாவது தடவை மாமியார் என் காதுல, "என்னய என்ன எடைக்கல்லுன்னு நெனச்சானா இவன்?"ன்னாங்க. அறுபது கிலோ எடைக்கல்லுதானன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

அவங்க கீழ இருந்தப்ப அந்தம்மா எனக்குத் தண்ணி குடுத்துக்கிட்டே அவரு கதையச் சொன்னாங்க. பெரிய ஒர்க்‌ஷாப்புல இருந்தவராம். ஓட்டிப் பாத்து சொல்றதுல கெட்டிக்காரர்னு பேராம். ஒரு நாள் துருப்புடிச்ச போல்ட்ட அடிக்கும்போது சில்லு தெறிச்சு கண்ணுல ஏறிருச்சு. வண்டி ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க. ஓட்ட முடியாத மெக்கானிக்க எவன் வச்சுக்குவான்? ஆறு மாசம் வீட்டுல சும்மா இருந்திருக்காரு. இந்தம்மா அதுக்குள்ள வண்டி ஓட்டப் பழகி, ஒரு வாடகைக் காருக்கு டிரைவரா போயிருக்காங்க. ஒரு நாள் அவரப் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. எறங்குனதும், "இத்தனை வருஷமா நான் பாதி வண்டியத்தான் பாத்திருக்கேன்"னாராம்.

"அன்னைக்கு ஆரம்பிச்ச புலம்பல்"ன்னாங்க. "இன்னும் நிக்கல."

கொழுந்தன் மேல வந்தப்ப மூஞ்சி சப்புன்னு இருந்துச்சு. அவரு களிமண்ணக் காட்டுனாரு. உருண்டையா ஒட்டுனது காயிதம் மாதிரி நசுங்கியிருந்துச்சு. விஷயம் இதுதான். பள்ளத்துல விழுந்தா ஸ்பிரிங் அமுங்கணும், அமுங்க இடம் வேணும். ரொம்ப அமுங்குனா தாங்கிக்கிறதுக்கு கம்பெனிக்காரன் ஒரு ரப்பர் கட்டை வச்சிருக்கான், அது மேலதான் களிமண்ண ஒட்டியிருந்தாரு. வண்டிய இறக்க குட்டை ஸ்பிரிங் போட்டதுல அந்த இடம் போயிருச்சு. வண்டி காலியா இருந்தா ஒரு விரல் இடைவெளி இருக்கு. அதான் ஓட்டிப் பாத்தவன் எல்லாம் நல்லாருக்குன்னான். நாங்க ஏறி, வீல்சேரையும் ஏத்துனா அந்த விரலும் போயி, வண்டி அந்த ரப்பர் கட்டை மேலயே உக்காந்துருது. அப்புறம் எத்தனை புது ஷாக் அப்சார்பர் மாட்டுனாலும் அதுக்கு அங்க வேலையே இல்ல.

"முட்டிய மடக்காம படியிலேருந்து குதிச்சுப் பாரு தம்பி"ன்னாரு. "அப்படித்தான் வருது உங்கப்பாவுக்கு."

"அந்த ரப்பர வெட்டிடலாமா?"

"வெட்டுனா இரும்பும் இரும்பும் முட்டும்."

"கெட்டியான ஸ்பிரிங்?"

"வண்டி அமுங்காது. பெரியவர் மேல பறப்பாரு."

"அப்ப என்னதாண்ணே பண்றது?"

"கம்பெனி ஸ்பிரிங்க திருப்பி மாட்டணும். அதுல பாதி வலி போகும். மீதி பாதி இந்தச் சக்கரத்துல இருக்கு."

கொழுந்தன் குனிஞ்சு சக்கரத்து மேல இருந்த தூசிய விரலால தொடைச்சான். அவன் அந்தச் சக்கரத்த வாரா வாரம் பல்லு விளக்குற பிரஷ் வச்சுத் தொடைப்பான். வீட்டுல எல்லாமே அண்ணன் போட்டுக் கழிச்சதுதான் அவனுக்கு. சட்டையும் சைக்கிளும் ரூமும்கூட. அவனா பாத்து, அவனா ஆசைப்பட்டு செஞ்சது இது ஒண்ணுதான். அதத்தான் இப்பக் கழட்டச் சொல்றாரு.

மெக்கானிக் அவனுக்கு அறிவுரை ஒண்ணும் சொல்லல. பின்கதவத் தெறந்து விட்டாரு. "ஒரு தடவை நீ இங்க உக்காரு. நான் முன்னாடி உக்காந்துக்குறேன்."

வண்டி வாங்கி ஒண்ணரை வருஷம். அன்னைக்குத்தான் அவன் முதல் தடவையா அதோட பின்சீட்டுல உக்காந்தான். நாங்களும் மறுபடி ஏறுனோம். அதே ரோடு, அதே வேகம். ரயில்வே கேட்டுல விழுந்த அடியில அவன் கை தானா சீட்டப் பிடிச்சுச்சு. பள்ளத்துல பல்லக் கடிச்சான். திரும்பி வந்ததும் கதவப் பிடிச்சுக்கிட்டுத்தான் எறங்குனான்.

"எட்டு தடவை போயிருக்காருண்ணே"ன்னான். "ஒரு தடவைகூட சொல்லல."

"பழைய ஸ்பிரிங் வச்சிருக்கியா?"

"வீட்டுலதான் போட்டேன். எங்கன்னு தெரியல."

எனக்குத் தெரியும். முன்பக்கத்து ரெண்டும் மாடிப்படி அடியில கெடக்கு. பின்பக்கத்து ரெண்டையும் கழுவி, பச்சை பெயின்ட் அடிச்சு, மேல செடித்தொட்டி வச்சிருக்கேன். வர்றவங்க எல்லாம் எங்க வாங்குனீங்கன்னு கேக்குறாங்கன்னு எனக்குப் பெருமை வேற. ஊரயெல்லாம் திட்டிக்கிட்டு இருந்தேன், மருந்து என் செடிக்கு அடியில இருந்திருக்கு. சொன்னப்ப மெக்கானிக் சிரிக்கக்கூட இல்ல. "துரு பிடிக்காம வச்சிருந்தீங்களே, நல்லது"ன்னாரு.

மறுநாள் மாட்டுனாங்க. வண்டியோட வந்த பழைய சின்னச் சக்கரம் நாலையும் கொழுந்தன் அவன் கையாலயே மாட்டுனான், அவரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டாரு. பெருச துணி சுத்தி அவன் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கான். இருக்கட்டும்.

மாமனார்கிட்ட ஒண்ணும் விளக்கல. இன்னும் ஒரே ஒரு தடவை வாங்கன்னு கெஞ்சித்தான் ஏத்துனோம். டிப்போ ரோடு வந்ததும் கைப்பிடியப் பிடிச்சாரு. தோளு ரெண்டும் காது வரைக்கும் ஏறிருச்சு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு. வண்டி ஏறி எறங்குச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டாரு.

"ரயில்வே கேட்டு இன்னும் வரலயா?"

"தாண்டியாச்சு மாமா."

கண்ணத் தெறந்து பின்னாடி திரும்பிப் பாத்தாரு. அப்புறம் மெதுவா கைப்பிடிய விட்டாரு. முன்னாடி கொழுந்தன் கண்ணாடியில அப்பாவையே பாத்துக்கிட்டிருந்தான், ரோட்டப் பாருடான்னு நான்தான் சொன்னேன்.

மெத்தையில போற மாதிரி இருக்குன்னெல்லாம் நான் பொய் சொல்ல மாட்டேன். பெரிய பள்ளத்துல இன்னும் குலுங்கும். ஆனா அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அவரு வரலன்னு சொல்லல. மூணு மாசம் முடிஞ்சப்ப ஸ்டாண்டப் பிடிச்சுக்கிட்டு எங்க வீட்டு கேட்டு வரைக்கும் நடந்தாரு. இப்ப தெருமுனை வரைக்கும் போயி, அங்க யார்கிட்டயாவது பேசிக்கிட்டு நிக்குறாரு. தேடிப் போக வேண்டியதா இருக்கு.

இத எதுக்கு எழுதுறேன்னா, போன வாரம் அந்தச் சந்து வழியா போனேன். எதிர்த்தாப்புல சக்கரம் மாட்டுற கடையில நிக்க இடமில்ல. இவரு கடையில ஈ ஓட்டுறாரு. வர்ற பசங்க நூறு பேருக்கு இவரு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், மாட்டுனதக் கழட்டுன்னு. அத எவன் கேட்டுக்குவான்? ஒருத்தனும் ரெண்டாவது தடவை வர்றதில்லயாம். "நமக்குப் புலம்பத்தான் தெரியும், விக்கத் தெரியாது"ன்னு அந்தம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

உங்க வீட்டு வண்டியில யாராவது முதுகப் பிடிச்சுக்கிட்டு எறங்குனா, நல்லாத்தான போகுதுன்னு சொல்லி அவங்க வாய அடைக்காதீங்க. மரக்கடை சந்துல, தண்ணித் தொட்டியத் தாண்டி மூணாவது ஷட்டர். காலையில ஒம்பது மணிக்கு மேல இருப்பாங்க, ஞாயித்துக்கிழமை கிடையாது. உக்கார நல்ல இடம் இருக்காது, பழைய துணி உடுத்திக்கிட்டுப் போங்க. வண்டியில எதுவும் கெடுதல் இல்லன்னாக்கூட பரவால்ல, அந்த ரெண்டு பேரையும் ஒரு நடை போயிப் பாத்துட்டு வாங்க.