ஆறிய சோற்றின் படங்கள்

தவமணி டீச்சர் வீட்டில் சூடாகச் சாப்பிட்டுப் பல நாளாகிவிட்டது.

சமையலில் குறையில்லை. பாடசாலை விட்டதும் மலைப்பாதையில் ஏறி, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு வருவாள். பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஈர விறகோடு மல்லுக்கட்டி அடுப்பை மூட்டுவாள். மாமியார் ராக்காயி பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து சேர்வதற்குள் சோறும் கறியும் தயாராகிவிடும். ஆனால் அந்தச் சாப்பாடு வாய்க்குப் போவதற்கு முன்னால் படத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அது 1997ஆம் ஆண்டு. தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, சித்திரப் பாடத்துக்கான பயிற்சி வகுப்பில் தவமணிக்கு இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமைகளில் ஹட்டனுக்குப் போய் வர வேண்டும். வகுப்பெடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரரான குகநேசன் சேர். சிரிக்காத மனிதர், ஆனால் ஏசவும் மாட்டார். முதல் வகுப்பிலேயே அவர் ஒரு வேலையைத் தலையில் கட்டிவிட்டார். ஒவ்வொரு நாளும் ஓர் உணவுப் பொருளை வரைய வேண்டும். வீட்டில் அன்று எதைச் சாப்பிடுகிறார்களோ அதை முன்னால் வைத்துப் பார்த்து, அன்றைக்கே வர்ணம் தீட்டி முடித்து, கீழே திகதி போட வேண்டும். தவணை விடுமுறை வரும்வரை ஒரு நாளும் தவறக் கூடாது. தவறியவர்களுக்குச் செய்முறைப் பரீட்சையில் இடமில்லை. அடுத்த வருடம் வேறு அணியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பயிற்றப்பட்ட ஆசிரியை என்று ஆகிவிட்டால் டவுன் பாடசாலைக்கு மாற்றம் கேட்கலாம். அந்தப் பாடசாலைக்குச் சொந்தமாக ஆசிரியர் தங்கும் ஒரு குவாட்டஸ் இருந்தது. இரண்டு அறை, ஓட்டுக்கூரை, கண்ணாடி ஜன்னல். ராக்காயி அதைத் தேர்த் திருவிழாவுக்குப் போனபோது வெளியே நின்று பார்த்து வைத்திருந்தாள். மழை பெய்தால் அவர்களுடைய லயக் காம்பரா அறையில் மூன்று இடத்தில் சட்டி வைக்க வேண்டும். முழங்கால் வீங்கிப்போன ராக்காயிக்கு மலை ஏறுவது வருடத்துக்கு வருடம் கடினமாகிக்கொண்டு வந்தது. ஆகவே படம் போடுவதை அவள் ஒருபோதும் வேண்டாமென்று சொன்னதில்லை. பசியோடு காத்திருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"என்னா புள்ள, இன்னும் பருப்புக்குப் பொட்டு வச்சு பூ முடிச்சு முடியலையா?" என்று வாசற்படியில் உட்கார்ந்து கேட்பாள்.

"கொஞ்ச நேரம் அத்தை. நெழல் மட்டுந்தான் பாக்கி."

"நெழல நீயே வச்சுக்க. பருப்ப எனக்குக் குடு."

பருப்பு ஆற ஆற மேலே ஆடை படியும். சற்று முன் தீட்டிய பளபளப்பு இப்போது அதில் இருக்காது. ரொட்டி பரவாயில்லை, அசையாமல் கிடக்கும், ஆனால் கருகிய புள்ளிகளைக் கறுப்பில் தீட்டினால் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். சிவப்பையும் பச்சையையும் கலந்து ஒரு பழுப்பை உண்டாக்க அவளுக்கு நான்கு தாள் வீணாயிற்று. மிகவும் படுத்தியது சோறுதான். சோறு வெள்ளை, தாளும் வெள்ளை. வெள்ளையை வரைய முடியாது, அதைச் சுற்றியிருக்கும் நிழலைத்தான் வரைய முடியும் என்று அவளுக்குப் புரிந்தபோது கை சோர்ந்து போயிருந்தது. ஒருநாள் மரவள்ளிக் கிழங்குக்கு முன்னால் தூரிகையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். ராக்காயிதான் தோளைத் தட்டி எழுப்பினாள்.

குகநேசன் சேர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். "கண்ணைப் பாதி மூடிப் பாருங்கோ. அப்ப சோறு, முட்டை எண்டதெல்லாம் மறைஞ்சு போகும். வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். அதை வரைஞ்சாப் போதும்." தவமணிக்கு அது சுலபமாக வந்தது. அந்த நேரத்தில் அவள் கண்கள் எப்படியும் பாதி மூடித்தான் இருந்தன.

விடுமுறைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை சேர் அவளுடைய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்திலையும் இந்த ஒரு தட்டுத்தானே பிள்ளை. கொஞ்சம் மாத்துங்கோவன். வெளிச்சமும் ஒரு பக்கத்தாலை வந்தா நல்லம்" என்றார்.

அதை மனதில் வைத்து, கினிகத்தேனையிலிருந்து பஸ்ஸில் வரும் கணக்கு டீச்சரிடம் ஒரு வாழை இலை கேட்டிருந்தாள். குளிர் மிகுந்த இந்த மேட்டில் நல்ல இலை கிடைப்பதில்லை. வியாழக்கிழமை இலை வந்து சேர்ந்தது. அன்று காலையிலிருந்தே மழை. பாடசாலையில் ஆசிரியர்கள் இருவர் வராததால் மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்துக் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சமைத்தாள். வழக்கமாகத் தட்டு வைக்கும் முக்காலியில் இலை அடங்கவில்லை. சுவரோரம் இருந்த தகரப்பெட்டியின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதில் இலையைப் போட்டாள். சோற்றைக் குவித்தாள். பூசணிக்காய்க் கறி, பொரித்த கருவாடு, பாதியாக வெட்டிய அவித்த முட்டை. வரையக் கண்ணாடிப் பொருளும் ஒன்று இருக்கட்டும் என்று கிளாஸில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். வெளியே பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. வெளிச்சம் போதவில்லை. குப்பிலாம்பு புகையும், சுடரும் ஆடும். எனவே சாமித் தட்டிலிருந்த சின்னப் பித்தளை விளக்கை எடுத்து எண்ணெய் ஊற்றி ஏற்றி, இலையின் இடப்பக்கம் வைத்தாள். முட்டையின் மஞ்சளில் வெளிச்சம் அழகாக விழுந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வரையத் தொடங்கினாள். விறகுப் புகையில் கண்ணீர் வடிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

பெட்டிக்கு நேர் மேலே, சுவரில் அவள் கணவன் அழகுமுத்துவின் படம் மாட்டியிருந்தது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவன், அங்கே ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பிய படம். கலியாணமான நாளிலிருந்து பார்த்துப் பழகிய சுவர் என்பதால் அது அங்கே இருப்பதே தவமணியின் நினைவில் இல்லை.

பக்கத்துக் காம்பராவில் மீனம்மா இருந்தாள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை. நெருப்புப் பெட்டி கேட்க வந்தவள், திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். இலை, சோறு, கருவாடு, தண்ணீர், விளக்கு. மேலே அழகுமுத்து. கீழே கண் மூடிக் கண்ணீர் வடிய உட்கார்ந்திருக்கும் பெண்சாதி. கொழும்பில் குண்டு வெடித்த செய்தியும், வேலைக்குப் போன பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போன செய்தியும் வானொலியில் அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம். மீனம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு ஓசைப்படாமல் திரும்பினாள். பிறகு ஓடினாள்.

தவமணிக்குத் தெரிந்ததெல்லாம் இலைமேல் வெளிச்சம் ஒரு கணம் மங்கி மறுபடி வந்தது மட்டுமே.

சற்று நேரத்தில் கீழே கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் ஒப்பாரி கேட்டது. யார் வீடோ, பாவம் என்று நினைத்தாள். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் முட்டை முடியவில்லை. முட்டையை முடித்துவிட்டுப் போகலாம் என்று தூரிகையை நனைத்தாள். ஒப்பாரி நெருங்கி வந்தது. லயத்து முனையைக் கடந்து, வீடு வீடாகத் தாண்டி, அவள் வாசலிலேயே வந்து நின்றது.

ராக்காயி இடுப்பில் கட்டிய சாக்கோடு, முழங்கால்வரை சேறோடு, வாசலில் சரிந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பாதி லயம் நின்றது.

"அத்தை! என்னாச்சு? யாருக்கு என்னா?"

"பெத்தவ நானு மலையில நிக்கிறேன். எனக்கு ஆள விட்டுச் சொல்லக் கூடாதாடி? நீ பாட்டுக்குப் படையல் போட்டுட்டு ஒக்காந்திருக்கியே! எஞ்சாமி... எந்தங்கமே..."

தவமணி திரும்பிப் பார்த்தாள். இந்த முறை கண்ணை முழுதாகத் திறந்து பார்த்தாள்.

"அத்தை... இது படத்துக்குங்க. வரையிறதுக்கு வச்சேன்."

ராக்காயியின் அழுகை பாதியில் நின்றது. "எலை?"

"சேர் தட்டை மாத்தச் சொன்னாரு."

"வெளக்கு?"

"வெளிச்சத்துக்கு."

"அதுக்கு அவன் போட்டாவுக்குக் கீழதான் எடம் கெடைச்சுச்சா?"

"நான் பாக்கலிங்க அத்தை. சத்தியமாப் பாக்கல."

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரய்யா என்பவர், அந்த லயத்தில் எந்த நல்லது கெட்டதுக்கும் முன்னால் நிற்பவர், தொண்டையைச் செருமினார். "அப்ப அழகுமுத்து நல்லாத்தான் இருக்கானா?"

"இருக்காருங்க மாமா."

"அடக் கடவுளே! தப்படிக்கச் சொல்லி ஆள் அனுப்பிட்டேனே. டேய், எவனாச்சும் குறுக்குப் பாதையில ஓடித் தடுங்கடா!"

யாரோ சிரித்தார்கள். ஒரு சிரிப்பு வந்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். ராக்காயி சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே வந்து, விளக்கை அணைத்து, இலையைச் சோற்றோடும் கறியோடும் மடித்து எடுத்துக்கொண்டு போய்க் கழிவுநீர்க் கானோரம் வைத்தாள். செத்தவர்களுக்கு வைத்ததுபோல் வைத்துவிட்ட சோற்றை உயிரோடிருப்பவர்கள் தின்ன மாட்டார்கள். அந்த மழையிலும் காகங்கள் வந்தன.

மீனம்மா வெட்கத்தில் சத்தமாகப் பேசினாள். "நான் என்னத்தைக் கண்டேன்? சாப்பாட்ட வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கிறது எந்த ஊரு படிப்பு, அக்கா? இந்தச் சனியன் புடிச்ச வேலையே வேணாம்னு டீச்சர்கிட்டச் சொல்லுங்க."

"ஏன், நீ வந்து எனக்கு குவாட்டஸ் கட்டித் தரப் போறியா?" என்றாள் ராக்காயி. "போடி. நெறுக்காத கூடைய அப்படியே போட்டுட்டு ஓடியாந்திருக்கேன். இன்னிக்கு எனக்கு அரைப் பேருதான், அரைச் சம்பளந்தான். அதுக்கு நீ வந்து பதில் சொல்லு."

கூட்டம் கலைந்தது. சமைத்ததெல்லாம் இலையோடு போனதில் வீட்டில் சாப்பாடு இல்லை. மறுபடி அடுப்பு மூட்ட இரண்டு பேருக்கும் தெம்பில்லை. தவமணி பாதி முடிந்த தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோற்றுக் குவியல் வெறும் பென்சில் கோடாக நின்றது. முட்டை மட்டும் மஞ்சளாக இருந்தது.

சற்றுக் கழித்து மீனம்மா மறுபடி வந்தாள். தன் வீட்டு இரவுச் சாப்பாட்டுக்குச் சுட்ட ரொட்டிகளும் கொஞ்சம் சம்பலும் ஒரு தட்டில் இருந்தன. வைத்துவிட்டுப் போனாள்.

"இன்னிக்குப் படம்?" என்று ராக்காயி கேட்டாள்.

"போச்சு அத்தை. விடுங்க."

"போனா?"

"அடுத்த வருசம் திரும்பவும் மொதல்லருந்து."

கூரையிலிருந்து சட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. ராக்காயி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ரொட்டித் தட்டைப் பார்த்தாள். பிறகு மேலே இருந்த ரொட்டியை எடுத்து, வாய் நிறைய ஒரு கடி கடித்து, மிச்சத்தைத் தட்டில் வைத்துத் தவமணி பக்கம் தள்ளினாள்.

"இந்தா, போடு. எச்சில் பட்டுருச்சு. எச்சிச் சோத்த எவளும் சாமிக்கும் வைக்க மாட்டா, செத்தவனுக்கும் வைக்க மாட்டா. இனி எவ வந்து எட்டிப் பாக்குறான்னு பாக்கிறேன்."

தவமணி குப்பிலாம்பைக் கிட்ட இழுத்துக்கொண்டு வரைந்தாள். நல்ல படமில்லை. பழுப்பு சேறுபோல் வந்தது, கடித்த இடம் கத்தரியால் வெட்டியதுபோல் நேராக விழுந்தது. திகதியைப் போட்டாள். திரும்பிப் பார்த்தபோது ராக்காயி இன்னொரு ரொட்டியில் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கிப் போயிருந்தாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. சாப்பாடு எதுவானாலும் ராக்காயி ஒரு கடி கடித்துக் கொடுப்பாள், பிறகுதான் படம். பேக்கரிப் பாண், வாழைப்பழம், கருவாடு எதுவும் தப்பவில்லை. சோற்றில் ஒரு கவளம் எடுத்தபின் விழும் பள்ளத்தைத் தவமணி வரைந்தாள். ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா டவுனில் ஒரு கடைக்கு அழகுமுத்து போன் எடுத்தபோது, ராக்காயி ரிசீவரை வாங்கி, "நல்லா இருக்கியா? இருக்கேன்னு ஒருக்கா சத்தமாச் சொல்லு" என்று மட்டும் கேட்டாள். காரணம் சொல்லவில்லை.

விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை, குகநேசன் சேர் எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பித் திகதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மீனம்மாவின் ரொட்டி வந்ததும் கை நின்றது. அதற்குப் பிறகுள்ளவற்றைப் புரட்டினார்.

"இதென்ன பிள்ளை? இதிலை இருந்து எல்லாத்தையும் ஆரோ கடிச்சுப் போட்டுக் கிடக்கு?"

"மாமியார் சேர்."

"வரைஞ்சு முடியுமட்டும் பொறுக்கேலாதாமோ அவவுக்கு?"

நடந்ததைச் சொல்ல வேண்டுமென்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். எங்கே தொடங்குவது என்று நினைத்தபோதே களைப்பாக இருந்தது. "ஏலாதாம் சேர்" என்றாள்.

அவர் ரொட்டிப் படத்தை மறுபடி கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது சரியில்லை. பல்லுப் பட்ட இடம் இப்பிடி நேரா வராது." பிறகு கடைசித் தாளின் பின்பக்கத்தில் கையெழுத்திட்டு, பரீட்சைக்கு உட்காரலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

மஸ்கெலியா பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. தாள் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபடியே ஊர் வந்து சேர்ந்தாள். ராக்காயி அப்போதுதான் மலையிலிருந்து வந்து, இடுப்புச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா சொன்னாரு?"

"கையெழுத்துப் போட்டாரு அத்தை. பரீட்சைக்குப் போகலாம்." சுருளைப் பெட்டிமேல் வைத்தாள். "ஆனா கடிச்ச எடம் சரியா வரலையாம்."

ராக்காயி சாக்கை உதறிக் கொடியில் போட்டாள். "அப்ப அவரையே வந்து கடிச்சுக் காட்டச் சொல்லு" என்றாள்.