பேனரில் பெரிய மனுஷி

கூடுவாஞ்சேரி கடைத்தெருவில் கட்டியிருந்த பேனரில் அக்கா ஆறடி உயரம் இருந்தாள். பட்டுப்புடவை, ஒட்டியாணம், தலை நிறையப் பூ, மேலே 'மஞ்சள் நீராட்டு விழா' என்று கொட்டை எழுத்து. கீழே நின்ற நிஜ அக்கா பதினான்கு வயதில் என் தோளுக்குத்தான் வந்தாள். நான் அவளைவிட இரண்டு வயது சின்னவள்.

அவள் பெரியம்மா மகள். நாங்கள் தாம்பரத்தில் இருந்தோம்; அவர்கள் கூடுவாஞ்சேரிக்கு உள்ளே, நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகிப்போன ஊரில். ஊர்க் காற்றுக்கும் பசும்பாலுக்கும் அவள்தான் நெடுநெடுவென வளர்வாள் என்று என் அம்மாவே சொல்வாள். பத்து வயதோடு அவள் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது. எனக்குச் சின்னதாகிப்போன பாவாடைகள் அவளுக்குப் போயின. டாக்டரிடம் காட்டச் சொன்ன பள்ளி ஆசிரியையிடம், "வயசுக்கு வந்தா சரசரனு வளந்துடுவா, டீச்சர்" என்று பெரியம்மா பேச்சை முடித்துவிட்டாள்.

ஆனால் அவள் வயதுக்கு வரவில்லை. கூடப் படித்தவர்களுக்கெல்லாம் சடங்கு முடிந்தது. "இன்னாக்கா, உன் பொண்ணு இன்னும் உக்காரலியா?" என்று தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். நாளைக்கு எவன் கட்டுவான் என்ற பயத்தில், பெண் பெரியவளாகிவிட்டாள் என்று பெரியம்மா ஒருநாள் துணிந்து சொல்லிவிட்டாள். அது பொய் என்று பெரியப்பாவுக்கே தெரியாது. மண்டபம், சீர்வரிசை, பிரியாணி எல்லாம் ஜோராக நடந்தன. அதற்குப் பிறகு டாக்டரிடம் போக வழியில்லை. போனால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பத்தொன்பது வயதில், பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போன பிறகுதான் தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். எப்போது வயதுக்கு வந்தாள் என்று அவர் கேட்டார். "பதினாலுல, டாக்டர். மண்டபத்துல வச்சுச் செஞ்சோம்" என்றாள் பெரியம்மா. பெரியப்பாவும் தலையாட்டினார்.

"இல்ல டாக்டர். நான் இன்னும் வரவே இல்ல" என்றாள் அக்கா.

பிறவியிலேயே உள்ள குறை அது. பத்து வயதில் வந்திருந்தால் ஊசி போட்டே ஓரளவு வளர்த்திருக்கலாமாம். இப்போது எலும்பு முற்றிவிட்டதாம். பெரியம்மா மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. அவளும் ஊர் வாய்க்குப் பயந்தவள்தான் என்று தெரிந்தும் தீரவில்லை.

இப்போது என் மகள் ஐந்தாம் வகுப்பு. வகுப்பிலேயே அவள்தான் குட்டை. பேச்சுவாக்கில் இதை அக்காவிடம் போனில் சொன்னேன். மறுநாள் காலை ரயிலேறி வந்து வாசலில் நின்றாள், செருப்பைக் கழற்றவில்லை. "கெளம்பு, கொழந்தைய கூட்டினு டாக்டராண்ட போலாம்" என்றாள்.

"எதுக்கும்மா? வயசுக்கு வந்தா தன்னால வளந்துடும்" என்றார் என் மாமியார்.

"என்னப் பாருங்க, அத்த" என்றாள் அக்கா. "எங்கம்மாவும் இதத்தான் சொன்னாங்க."