சகாயம்மாளின் டிரெய்லர் கொக்கி

தொண்ணூற்று நாலாம் வருசம் குறுவை அறுப்பு உச்சத்தில் இருந்தபோது சகாயம்மாளின் டிராக்டருக்கு டிரைவர் இல்லாமல் போனது. ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு மஸ்கட் விசா வந்துவிட்டது. அவனுக்கு முன்னால் இருந்தவன் துபாய்க்குப் போயிருந்தான். திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்தக் காலத்தில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் பாஸ்போர்ட்டோடு அலைந்தான். சகாயம்மாளின் புருசன் பெரியநாயகசாமியே டிராக்டரையும் ஒரு பழைய டிரெய்லரையும் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, மறு வருசமே குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனவன்தான்.

களத்தில் நெல் குவிந்து கிடந்தது. கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை போக வேண்டும். சகாயம்மாள் இரண்டு நாள் ஆள் தேடிப் பார்த்தாள். அதற்குமேல் தேடவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

ஓட்டத் தெரியாதவள் இல்லை. புருசன் ஊரில் இருந்தபோது அறுத்த வயலில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருந்தான். லைசென்சும் எடுத்து வைத்திருந்தாள். ஆனால் மூட்டை ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் இழுத்துக்கொண்டு ரோட்டில் போவது வேறு சமாசாரம். முதல் நாள் மாதா கோயில் திருப்பத்தில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. அவள் காது முழுவதும் பின்னால் இருந்தது.

பிரேக் பிடித்தால் டொக்கென்று ஒரு இடி, கிளட்ச் விட்டால் வெடுக்கென்று ஒரு இழுப்பு. இறங்கிப் பார்த்தாள். டிரெய்லரின் வளையத்தை டிராக்டரோடு சேர்க்கிற பின்னு தேய்ந்து இடுப்பொடிந்த மாதிரி இருந்தது. அது கழன்று விழாமல் இருக்க ஒரு கம்பியை வளைத்துச் சொருகியிருந்தார்கள். மூட்டை மூட்டையாக ஊரார் நெல்லை ஏற்றிக்கொண்டு போவதெல்லாம் இந்தக் கம்பியை நம்பித்தானா என்று நினைத்தபடி அதை விரலால் ஆட்டிப் பார்த்தாள்.

லேத் பட்டறை தியாகேசனிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"வேற பின்னு போட்டுத் தரேன்க்கா. ஊர்ல எல்லா வண்டியும் இப்படித்தான் ஓடுது" என்றான் அவன்.

"எல்லா வண்டியும் ஓடட்டும் தம்பி. என் வண்டி ஓடும்போது எனக்குப் பயமா இருக்கே. முழுசா மாத்தணும்."

அதுவரைக்கும் ஓட்டத் தற்காலிகமாக ஒரு புதுப் பின்னைப் போடச் சொன்னாள். அன்று சாயங்காலம் டேப்ரெக்கார்டரை முன்னால் வைத்துக்கொண்டு புருசனுக்கு அனுப்பக் கேசட்டில் பேசினாள். வீட்டு விசயம், மழை விசயம் எல்லாம் சொல்லிவிட்டு, டிரெய்லரை மாட்டுகிற கொக்கி விசயத்தையும் சொன்னாள். குவைத்தில் அவன் பிக்கப் வண்டிக்குப் பின்னால் சின்னத் தண்ணி டேங்கை மாட்டி இழுக்கிற வேலை பார்த்தான். அவனுக்குத் தெரியாமல் இருக்காது என்று நினைத்தாள்.

தை மாதம் குவைத்திலிருந்து வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பெரியநாயகசாமி கொடுத்ததாக ஒரு பையை இறக்கிவிட்டுப் போனார். தூக்க முடியாத கனம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். சென்ட்டும் கம்பளியும் எதிர்பார்த்த கண்களுக்கு முன்னால் சகாயம்மாள் பளபளவென்று ஒரு இரும்புக் குண்டையும், அதன்மேல் கவிழ்ந்து உட்காரும் இரும்புக் கிண்ணத்தையும், இரண்டு கெட்டிச் சங்கிலிகளையும் எடுத்து வைத்தாள்.

"என்னடி இது, குவைத்துலேருந்து பழைய இரும்பா அனுப்பியிருக்காரு?" என்று கேட்டாள் எதிர்வீட்டு ராஜாத்தி. எல்லாரும் சிரித்தார்கள். சகாயம்மாளும் சிரித்தாள். ஆனால் எல்லாரும் போன பிறகு அந்தச் சங்கிலியைக் கையில் எடுத்துக் கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் குண்டை மாட்டிப் பார்க்கத் தியாகேசன் ஆசையாக இருந்தான். வெளிநாட்டுச் சாமான் அல்லவா. சகாயம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குண்டை டிராக்டரில் மாட்டினால், டிரெய்லர் முனையில் உள்ள கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்து பிடித்துக்கொள்ளும். தார் ரோட்டில் லேசான வண்டியை இழுக்க அது அருமையான சாமான். இங்கே ஒரு சக்கரம் வரப்பில் ஏறி, மறு சக்கரம் சேற்றில் இறங்கி, டிரெய்லர் உடம்பை முறுக்கிக்கொண்டு வரும். அத்தனை மூட்டைக் கனத்தோடு அப்படி முறுக்கினால் கிண்ணம் குண்டை விட்டு எழும்பிவிடும் என்று பட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த கேசட்டில் கொஞ்சம் தயக்கத்தோடுதான் பேசினாள். "நீங்க அனுப்புன குண்டு நம்ம வண்டிக்கு ஒத்துவராதுங்க. சங்கிலியை மட்டும் மாட்டிக்கிறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

பதில் கேசட்டில் அந்த இடம் வந்ததும் பெரியநாயகசாமி சிரித்தான். "நீ சொல்றதுதான் சரி சகாயம். நான் இங்க தண்ணி இழுக்குறேன். நீ அங்க ஊரையே இழுக்குற. உன் வண்டிக்கு என்ன வேணுமோ நீயே பாத்து வாங்கு."

அவள் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள். டிரெய்லர் வளையத்தின் அளவுக்குக் கம்பியை வளைத்துக் கையோடு கொண்டுபோயிருந்தாள். கடைக்காரர் எடுத்துப் போட்ட கொக்கிகளில் ஒட்டு வைத்ததை எல்லாம் ஒதுக்கினாள். ஒரே இரும்பாக அடித்துச் செய்த கொக்கியாக, வளையம் உட்கார்ந்ததும் மேலே நாக்கு விழுந்து பூட்டிக்கொள்கிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். தியாகேசன் அதை டிராக்டரில் ஆட்டம் இல்லாமல் பொருத்தி, சங்கிலி இரண்டையும் அடியில் குறுக்காகப் போட்டு மாட்டிக் கொடுத்தான். இடியும் இழுப்பும் நின்றன. டிரெய்லர் அவளுக்குப் பின்னால் சாதுவாக வந்தது.

அதோடு ஒரு கட்டளையும் போட்டாள். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் உள்ள சட்டத்தில் இனி யாரும் உட்காரக் கூடாது. மூட்டை தூக்குகிறவர்கள் காலங்காலமாக உட்கார்ந்து வருகிற இடம் அது. மூட்டைக்காரர்களின் மேஸ்திரி பஞ்சநதத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாரம் தூக்குறவன் நடந்து வரணுமா? மத்த வண்டியில இந்தச் சட்டமெல்லாம் இல்லியே."

"சைக்கிள்ல வாங்கண்ணே. நீங்க வந்து சேர்ற வரைக்கும் நான் காத்துக் கெடக்குறேன். அந்த எடத்துல மட்டும் உக்காராதீங்க."

முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளில் வந்தார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஒரு மத்தியானம், கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. களத்திலிருந்து கடைசி நடை. ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஆற்றங்கரை ஏற்றம் ஒன்று உண்டு. பாதி ஏற்றத்தில் பின்னால் படாரென்று ஒரு சத்தம். டிராக்டர் சட்டென்று லேசாகி முன்னால் துள்ளியது. அடுத்த கணம் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி நின்றது. சகாயம்மாள் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

கொக்கி அப்படியே இருந்தது. டிரெய்லரின் வளையம்தான் அடியோடு பிய்ந்து அதில் தொங்கியது. சட்டத்தின் முனை குறுக்குச் சங்கிலியில் தொட்டிலில் கிடப்பதுபோல் கிடந்தது. அத்தனை மூட்டையும் அந்த இரண்டு சங்கிலியில் நின்றது.

"சக்கரத்துக்குக் கல்லு வையுங்கண்ணே" என்று கத்தினாள்.

ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய பஞ்சநதமும் ஆட்களும் ஓடிவந்து கல்லைப் புரட்டி முட்டுக்கொடுத்தார்கள். வண்டி அசையவில்லை. பஞ்சநதம் பிய்ந்த சட்டத்தைப் பார்த்தார். போன வருசம் வரை தான் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த இடம் எது என்று அவருக்குத் தெரியும். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேற வண்டிக்குச் சொல்லிவிட்டுட்டு வரேன் தாயி. மழைக்குள்ள மூட்டையை மாத்திப்புடலாம். நீ எறங்கி ஒரு வாய் தண்ணி குடி."

மாற்றிவிட்டார்கள். கடைசி மூட்டை கொள்முதல் நிலையத்துக் கொட்டகைக்குள் போன பிறகுதான் மழை பிடித்தது. ஒரு மூட்டைகூட நனையவில்லை.

ஊரே சங்கிலியைப் பற்றிப் பேசியது. சகாயம்மாளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. டிராக்டர் பக்கத்தை அத்தனை கவனமாகப் பார்த்தவள் டிரெய்லர் பக்கத்து இணைப்பைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். பெயின்டுக்கு அடியில் பழைய விரிசல் துருப்பிடித்துக் கிடந்திருக்கிறது. புதிய வளையம் போட்டு, தகடு வைத்து முடுக்கிய பிறகு தியாகேசன் பெயின்ட் டப்பாவைத் திறந்தான். அவள் தடுத்தாள்.

"இந்த எடத்துக்கு மட்டும் பெயின்ட் வேணாம் தம்பி. எண்ணெய் தடவி விடு. விரிஞ்சா என் கண்ணுக்குத் தெரியணும்."

அன்றிலிருந்து காலையில் டீ குடிக்கும் முன்னால் அவள் அந்த இணைப்பைத் துடைத்துப் பார்ப்பாள். கொக்கிக்கு கிரீஸ் வைப்பாள், நாக்கு சுளுவாக விழுகிறதா என்று தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்ப்பாள். மூட்டைக்காரர்கள் தாங்களாகவே "சகாயம் வண்டின்னா வரோம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அடுத்த அறுப்புக்குள் சுற்று வட்டாரத்து டிராக்டர்கள் ஒவ்வொன்றாகத் தியாகேசனின் பட்டறைக்கு வந்து சங்கிலி மாட்டிக்கொண்டு போயின. யார் வந்தாலும் அவன் அவளுடைய வண்டியை நிறுத்திக் காட்டி, "இது மாதிரியா?" என்று கேட்பான்.

தொண்ணூற்றெட்டில் பெரியநாயகசாமி லீவில் வந்தான். இரண்டாவது டிரெய்லர் எடுக்க இருவரும் தஞ்சாவூருக்குப் போனார்கள். விற்கிறவர் நாற்காலி போட்டு அவனை உட்காரவைத்து, டயரைப் பற்றியும் தகட்டின் கனத்தைப் பற்றியும் விவரித்துக்கொண்டே போனார். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்:

"என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? வண்டி அவங்களோடது. அவங்க சரின்னா சரி."

அவர் திரும்பிப் பார்த்தார். சகாயம்மாள் கைப்பையையும் குடையையும் புருசனிடம் நீட்டினாள். அவன் எழுந்து வாங்கிக்கொண்டான். அவள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, டிரெய்லர் சட்டத்துக்கு அடியில் குனிந்து, வளையம் சேர்கிற இடத்தைப் பார்த்தாள்.

"இதுல பெயின்டைச் சுரண்டிக் காட்டுங்க" என்றாள்.