எமிலியோவுக்காக மன்றாடினோம்

எமிலியோ என்று ஒருவன் உலகத்தில் இருந்ததே இல்லை. ஆனாலும் லண்டனில், ஹவுன்ஸ்லோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒரு வீட்டு முன்னறை நிறைய ஆட்கள் முழந்தாளிட்டு அவனுக்காக உருக்கமாக மன்றாடினார்கள். அதற்குக் காரணம் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

எமிலியோ என் சின்னம்மாவின் மடிக்கணினிக்குள் இருந்தான். சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை. அவருடைய கணவரான சித்தப்பா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தார். கிரிக்கெட் என்றால் சித்தப்பாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒருநாள் கணினி விளையாட்டு ஒன்று அரை விலைக்குப் போகிறது என்று கண்டு, படத்தில் துடுப்பும் பந்தும் இருந்தது போதும் என்று அவசரப்பட்டு வாங்கிவிட்டார். திறந்து பார்த்தால் அது அமெரிக்கர்கள் ஆடுகிற பேஸ்போல். அதுவும் ஓடியாடுகிற மனிதர்கள் இல்லாத பேஸ்போல். பச்சை மைதானத்தின் படம் ஒன்று, அதில் சில வெள்ளைப் புள்ளிகள், பக்கத்தில் எழுத்தும் இலக்கமும். அணியைத் தெரிவு செய்து விடுவது மட்டும்தான் எங்கள் வேலை. ஆடுவது முழுக்கக் கணினி. சித்தப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு அதை மறந்துபோனார். எடுத்து வைத்துக்கொண்டவர் சின்னம்மா. வாழ்நாளில் ஒரு துடுப்பைக்கூடத் தொட்டறியாதவர்.

சனிக்கிழமைகளில் அம்மாவுக்குக் கடையில் ஷிப்ட். என்னைச் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவார். சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது மட்டும் பெரியவர்கள் ஏன் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்பதுதான் தெரியாது. என் கணக்கில் அது மிக நல்ல ஏற்பாடு. அங்கே சோபா முழுவதும் எனக்கு, போர்வை எனக்கு, தின்பண்டத் தட்டில் கடைசி றோல்ஸ் எனக்கு, சின்னம்மாவும் எனக்கு.

வெளியே எப்போதும் மழை பெய்துகொண்டிருந்ததாகவே ஞாபகம். திரைக்குள் எப்போதும் கோடை. மடிக்கணினியிலிருந்து ஒரு கூட்டத்தின் இரைச்சல் மெல்லியதாக வரும், தூரத்தில் எங்கோ திருவிழா நடப்பதுபோல. ஒரு வரி தோன்றும்: பந்து வருகிறது. சிறிது நேரம் ஒன்றும் நடக்காது. அடுத்த வரி தோன்றும்: அடித்துவிட்டான். பிறகு ஒரு வெள்ளைப் புள்ளி பச்சைக்கு மேலே மிதந்து போகும். அது எங்கே போய் இறங்கும் என்று நானும் சின்னம்மாவும் ஒரே போர்வைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்போம். சில நாட்களில் பார்த்தபடியே நித்திரையாகிவிடுவேன். கண்ணை மூடிய பிறகும் அந்தப் புள்ளி போய்க்கொண்டேயிருக்கும்.

சித்தப்பாவோடு கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பேஸ்போலில் பத்துத் தரம் துடுப்போடு போகிறவன் மூன்று தரம் ஒழுங்காக அடித்தாலே பெரிய ஆள். மற்ற ஏழு தரமும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வரலாம், ஒருவரும் ஏச மாட்டார்கள். இந்தக் கணக்குக்குச் சராசரி என்று பெயர். ஆனால் சராசரிக்குப் பக்கத்தில் இன்னொரு இலக்கமும் இருக்கும். கான்டக்ட் என்று போட்டிருக்கும். வருகிற பந்தைத் தவறவிடாமல் துடுப்பில் வாங்குகிற திறமைக்கு இட்ட புள்ளி அது. சின்னம்மா அதைக் கைப்பக்குவம் என்பார், ஏதோ மீன்குழம்பு வைக்கிற விஷயம்போல.

எமிலியோவின் கைப்பக்குவம் அணியிலேயே பெரிய இலக்கம். சராசரியோ பார்க்கச் சகிக்காது. அவன் அடிக்கிற பந்தெல்லாம் நேராக யாரோ ஒருவனின் கைக்குள் போய் விழும். ஒரு நாள் இடப்பக்கம், அடுத்த நாள் வலப்பக்கம், ஆனால் எப்போதும் அங்கே ஒருவன் நிற்பான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கணினிக்குள் இருக்கிற உதவிப் பயிற்சியாளன் பணிவாக ஒரு குறிப்புக் காட்டுவான்: எமிலியோவைக் கீழணிக்கு அனுப்பிவிடலாமே. சின்னம்மா அதைப் படித்துவிட்டு மூடிவிடுவார்.

“இவன் சரியில்லை சின்னம்மா,” என்று நானே ஒருநாள் மனம் வெறுத்துச் சொன்னேன்.

“சராசரி எண்டது நடந்தது. கைப்பக்குவம் எண்டது அவனிட்டை இருக்கிறது. நடந்ததை வைச்சு இருக்கிறதைச் சொல்ல ஏலாது பிள்ளை,” என்றார் சின்னம்மா. “பந்தைத் துடுப்பிலை வாங்கிறது அவன்ரை கெட்டித்தனம். வாங்கின பந்து ஆளில்லாத இடத்திலை விழுறது அவன்ரை கையிலை இல்லை. அதுக்குக் கொம்பியூட்டர் தாயம் உருட்டும்.”

சித்தப்பா விடுவாரா? கதிரையில் சாய்ந்து தேநீர் குடித்தபடியே வம்புக்கு இழுத்தார். விளையாட்டு ஒருவனுடைய உண்மையான திறமையை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது, எங்களுக்குக் காட்டுவது அணிக்கு ஆள் தேடிப் போய்ப் பார்த்த ஒருவனின் மதிப்பீட்டைத்தான் என்று எங்கோ வாசித்திருந்தார். “அந்த நம்பரைப் போட்டவனும் பிழை விட்டிருப்பான். உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார். சின்னம்மாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. சித்தப்பா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்து, சின்னம்மாவின் தலையை ஒருதரம் தடவிவிட்டுப் போனார். ஒரு பேஸ்போல்காரனைச் சொல்லிச் சின்னம்மாவை இப்படி வாட வைத்துவிட்டாரே என்று எனக்குச் சித்தப்பாவில் கோபம் வந்தது. கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். விளையாட்டில் அந்த மாதம் முடியும்வரை எமிலியோவுக்குத் தவணை. அதற்குள் சராசரி நிமிராவிட்டால் அனுப்பிவிட வேண்டியதுதான். எனக்கு அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் மனம் ஓடவில்லை.

அந்தக் காலத்தில் சின்னம்மா அடிக்கடி ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தார். பிள்ளை வேண்டி வைத்தியம் செய்கிறார்கள் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். குளிர்ப்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஊசி மருந்துகள் இருந்தன. அந்தத் தட்டைத் தொடக்கூடாது. “ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்காம் அக்கா. ஒரு குறையும் இல்லையாம். அப்ப ஏன் எண்டு கேட்டா டொக்டரும் தெரியாதெண்டுறார்,” என்று சின்னம்மா சமையலறையில் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். இதுதான் கடைசித் தரம், இனி உடம்பும் தாங்காது, கையில் காசும் இல்லை என்று அம்மா அப்பாவிடம் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை முடிவு தெரிந்துவிடும். நான் ரிப்போர்ட் நல்லா இருக்கிறது என்பதோடு நிம்மதியாகிவிட்டேன். என் கவலையெல்லாம் எமிலியோ.

அந்த வெள்ளிக்கு முந்திய ஞாயிறு மாதா சுரூபம் சின்னம்மா வீட்டுக்கு வந்தது. எங்கள் கோவில் ஆட்கள் மாதாவை வீட்டுக்கு வீடு கொண்டுபோய் வைத்துச் செபமாலை சொல்வார்கள். சோபா சுவரோடு ஒதுங்கியது. தொலைக்காட்சிக்கு மேல் வெள்ளை விரிப்பு, பூ, மெழுகுதிரி. காலுறை போட்ட கால்கள் அறை நிறைய. செபமாலையின் இழுவையில் எனக்குக் கண் சொருகியது. மெழுகுதிரி வெளிச்சம் மாதாவின் நீலச் சால்வையில் ஆடியபோது, அந்த நீலத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மிதந்து போவதுபோல இருந்தது.

செபமாலை முடிந்ததும், விரும்பியவர்கள் தங்கள் மன்றாட்டைச் சொல்லலாம் என்றார் செபம் நடத்திய பெரியவர். ஒருவர் முழங்கால் நோவுக்குக் கேட்டார். ஒருவர் மகனின் பள்ளிச் சோதனைக்குக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்றார்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று எனக்குப் பட்டது. எழும்பி நின்று, உரத்த குரலில் சொன்னேன்:

“எமிலியோவை அனுப்பக்கூடாது. அவர் நல்லவர். அவருக்கு இந்த மாதம் முடியுமட்டும்தான் தவணை குடுத்திருக்கினம். அதுக்காக மன்றாடுவம்.”

 அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வருடக்கணக்காகப் பயந்து கிடந்தவர்கள். யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு, முழங்காலுக்கும் சோதனைக்கும் வராத ஒரு குரல் அந்த அறையில் எழுந்தது. “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!” சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் திருப்திப்பட்டேன்.

கடைசியாகச் சின்னம்மா வாய் திறந்தார். அந்நேரம் பார்த்து வீட்டுக்கு மேலால் ஒரு விமானம் தாழ்ந்து போயிற்று. ஹவுன்ஸ்லோவில் விமானம் போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனபின் விட்ட இடத்தில் தொடர்வார்கள். சின்னம்மா நிறுத்தவில்லை. யன்னல் கண்ணாடி அதிர, அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. இரைச்சல் அடங்கியபோது அவர் சொல்லி முடித்துவிட்டார். ஒருவர்கூட, என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. எல்லோரும் மெதுவாக, ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

கடலையும் தேநீரும் பரிமாறும்போது பெரியவர் சின்னம்மாவிடம் வந்தார். “அந்தத் தம்பிக்கு நல்ல லோயர் இருக்கோ? என்ரை மருமகனுக்கு விசா எடுத்துத் தந்தவரின்ரை நம்பர் தரட்டே?” என்றார். சின்னம்மா என்னை ஒருதரம் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

“இன்னும் முடிவு வரேல்லை அங்கிள். பாப்பம்,” என்றார்.

“மாதா கைவிடமாட்டா பிள்ளை,” என்றார் பெரியவர். சின்னம்மாவின் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவேயில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் அம்மாவைக் கேட்டேன். “சின்னம்மா சொன்னது உங்களுக்குக் கேட்டதே?”

“இல்லை.”

“பிறகேன் எல்லாரும் பதில் சொன்னனீங்கள்?”

அம்மா தெருவையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். எனக்குத்தான் விஷயம் தெரியுமே. சின்னம்மாவும் எமிலியோவுக்காகத்தான் கேட்டிருப்பார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சட்டி சட்டியாகச் சமைத்து எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். சித்தப்பாவும் வேலைக்குப் போகவில்லை. கழுவிய கோப்பைகளையே திருப்பிக் கழுவிக்கொண்டு நின்றார். வெண்ணெய்க்குப் பக்கத்துத் தட்டு வெறுமையாக இருந்தது. பகலிலேயே திரைச்சீலை இழுத்து மூடி, சின்னம்மா போர்வைக்குள் படுத்திருந்தார். எல்லோரும் வீட்டில் இருந்ததால் எனக்கு அது பெருநாள் மாதிரி இருந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா கண்ணால் அதட்டினார்.

“விடுங்கோ அக்கா. வரட்டும்,” என்றார் சின்னம்மா.

போர்வைக்குள் புகுந்துகொண்டேன். திரைக்குள் கோடை. எமிலியோ துடுப்போடு வந்தான். பந்து வருகிறது. அடித்துவிட்டான். வெள்ளைப் புள்ளி மெதுவாக, மெதுவாகப் பச்சைக்கு மேலே போயிற்று. பந்து பிடிக்க நின்ற இரண்டு பேர், இரண்டு புள்ளிகளாக, அதை நோக்கி ஓடினார்கள். இருவருக்கும் நடுவில், ஒருவரும் இல்லாத இடத்தில், அது விழுந்தது. அடுத்த தரமும் அப்படியே. அதற்கடுத்த ஆட்டத்திலும் அடித்தான். உதவிப் பயிற்சியாளனின் குறிப்பில் அவன் பெயரே இல்லை.

சோபாவில் எழும்பி நின்று குதித்தேன். “மாதா கேட்டிட்டா! நான் கேட்டதையும் கேட்டிட்டா, நீங்கள் கேட்டதையும் கேட்டிட்டா, என்ன சின்னம்மா?”

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சின்னம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் பிள்ளை,” என்றார்.

என்னை இழுத்துத் தன் மார்போடு இறுக்கிக்கொண்டார். என் தலைமயிர் நனைகிற அளவுக்கு அழுதார். எமிலியோ அடித்ததில் சின்னம்மாவுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.