முதலை வீட்டுச் சாப்பாடு

எங்கள் அப்பா இரண்டரை வருஷம் முதலையாக இருந்தார். கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனியனோடு முதலையின் தலைக்குள் இறங்கினார் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். மற்ற நாட்களில் பல்லடம் பக்கத்தில் கோழிப்பண்ணை நடத்திய கௌரவமான மனிதர்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது கோயமுத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா மற்ற பண்ணைக்காரர்களோடு சென்னைக்கு டூர் போனார். அங்கே ஒரு தீம் பார்க்கைப் பார்த்துவிட்டார். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, கோட்டை மாதிரி கட்டிய ஓட்டல். திரும்பி வந்தவர் மூன்று நாள் பண்ணைப் பக்கமே போகவில்லை. மந்திரிக்கக் கூட்டிப் போகலாமா என்று அம்மா யோசித்தாள். நான்காம் நாள் எங்களைப் பண்ணைக்குப் பின்னால் இருந்த பாறைக்குழிக்குக் கூட்டிப்போனார். யாரோ கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன பெரிய பள்ளம். மழைத் தண்ணீர் நிரம்பிக் குளமாகக் கிடந்தது. கரையில் ஒரு நாவல் மரம். "குழி இருக்குது, மரம் இருக்குது. கொரங்கும் மொதலையும்தான் பாக்கி" என்றார்.

குரங்கும் முதலையும் கதையைக் கேட்காமல் நம்மூரில் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். நாவல் மரத்துக் குரங்கு தினமும் முதலைக்குப் பழம் போடும். அந்தப் பழத்தில் ருசி கண்ட முதலையின் பெண்டாட்டி, இத்தனை இனிப்பைத் தின்கிறவனின் ஈரல் எப்படி இனிக்கும் என்று ஆசைப்படுவாள். முதலை போய்க் குரங்கை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு முதுகில் ஏற்றிக்கொண்டு வரும். நடுத்தண்ணீரில் விஷயம் தெரிந்ததும் குரங்கு, ஈரலை மரத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், திருப்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும். சாப்பிடக் கூப்பிட்டு ஏமாற்றப் பார்த்த கதை, அவ்வளவுதான்.

சாப்பிடக் கூப்பிடுகிற விஷயத்தில் எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே நல்ல பெயர் கிடையாது. அப்பாவுக்கு ஒரே அக்கா, என் அத்தை. கோபிசெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவின் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சீரைச் செய்யாமல் எங்கள் பக்கம் தாலி ஏறாது. என்னை ஐந்தாம் வகுப்பு வரை தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவளும் அவள்தான். நாங்கள் புது வீடு கட்டிக் குடிபோனபோது அப்படிப்பட்டவளை அப்பாவும் அம்மாவும் நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்த வாரம் பார்த்துக் கோழிகளுக்குச் சீக்கு. அப்பா, கோபிக்குத் தவிடு எடுக்கப் போன லாரி டிரைவரிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பினார். டிரைவர் அதைத் தவிட்டுப் பில்லோடு சேர்த்து நீட்டியிருக்கிறார். அத்தை வரவில்லை. "வாயில கூப்புடாத ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லியனுப்பினாள். அந்தச் சேதியும் அதே லாரியில்தான் வந்தது.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. அப்பா ஒரு நடை கோபிக்குப் போய் வந்திருந்தால் அரை நாளில் தீர்ந்திருக்கும். பத்திரிகை கொடுத்தாச்சல்ல என்று இவருக்கு வீம்பு. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவளுக்கு வீம்பு. நடுவில் நான். நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்கு அம்மாவை விட அத்தையைத்தான் அதிகம் தேடும். பார்க் திறப்பைச் சாக்கு வைத்தாவது அப்பா போய் அவளைக் கூப்பிட வேண்டும். அந்தப் பார்க்கில் எனக்கிருந்த அக்கறை அது ஒன்றுதான்.

முதலையைச் செய்தவர் உக்கடத்தில் லாரிகளுக்கு பாடி கட்டும் ஒரு பாய். முதலையை நேரில் பார்த்தால்தான் செய்ய முடியும் என்று சொல்லி அமராவதி அணைக்குப் போய், அங்கே வளர்க்கிற முதலைகளை எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தார். தகரத்தை அடித்து வளைத்து, அடியில் காலி டிரம்களைக் கட்டி, முதுகில் எட்டுப் பேர் உட்கார பெஞ்சு போட்டார். ஆனால் வாழ்நாள் முழுக்க லாரி கட்டிய கை அது. முதலைக்கும் லாரி முகம் வந்துவிட்டது. கண்ணுக்கு இரண்டு ஹெட்லைட். வாலில் 'மீண்டும் வருக'. தலைக்குள் ஒரு ஹாரன் வேறு. முதலைக்கு எதற்கு பாய் ஹாரன் என்று கேட்டேன். "முன்னாடி வர்றவங்க ஒதுங்கோணுமில்லீங்க அம்மணி" என்றார். அந்தக் குழியில் முன்னாடி வருவதற்குத் தவளையைத் தவிர வேறு யாரும் கிடையாது.

முதலை நாவல் மரத்தடியில் ஆள் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போகும். கரண்ட் மோட்டார் ஒன்று கம்பி வடத்தால் இழுக்கும். எதிர்க்கரையில் ஓட்டல், பெயர் 'முதலை வீடு'. திறந்த முதலை வாய்தான் வாசல். கொஞ்சம் உயரமானவர்கள் பல்லில் நெற்றியை இடித்துக்கொள்ளாமல் உள்ளே போனதில்லை. சமையல் அம்மாவின் பொறுப்பு. சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுக் கோழி ஈரல் வறுவல் செய்வாள். அதுதான் அங்கே விசேஷம். அப்பா கதையோடு சேரட்டும் என்று போர்டில் 'குரங்கு ஈரல்' என்று எழுதி வைத்தார். கருமத்தம்பட்டியிலிருந்து வந்த தறிக்காரக் குடும்பம் ஒன்று அதைப் படித்துவிட்டு இலையை விட்டு எழுந்தது. அப்புறம் கீழே சின்னதாகக் 'கோழி' என்று சேர்த்தார். அது சந்தேகத்தை இன்னும் கிளப்பியது.

இதைவிடப் பெரிய கோளாறு முதல் ஞாயிற்றுக்கிழமையே வெளிப்பட்டது. நான் குரங்கு. நாவல் மரத்தில் கட்டிய பரணில் சிமெண்டுக் குரங்குக்குப் பின்னால் நின்று, பேட்டரி மைக்கில் பேச வேண்டும். முதலை நடுக்குழிக்குப் போனது. ஈரலை மரத்தில் வைத்துவிட்டேன், திருப்புங்கள் என்றேன். கதைப்படி முதலை திரும்பியது. ஏறினவர்கள் எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பி வந்து, மரத்தடியில் இறங்கி, கொண்டுவந்த புளிச்சோற்றைத் தின்றுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள். ஓட்டலுக்கு ஒரு ஈ காக்கை போகவில்லை. அம்மா கரண்டியோடு குழியைச் சுற்றி நடந்து வந்தாள். "ஒண்ணு கதைய மாத்துங்க, இல்ல கரைய மாத்துங்க" என்றாள்.

அப்பா கதையை மாற்றினார். நடுத்தண்ணீரில் முதலைக்கு மனசு திருந்திவிடும். பெண்டாட்டி கேட்டது தப்புங்க, ஈரல் எங்கள் வீட்டிலேயே இருக்குங்க, நீங்கள் வந்து ஒரு வாய் சாப்பிட்டால் போதுமுங்க என்று கெஞ்சும். எங்கள் பக்கத்து முதலை, அதனால் சொல்லுக்குச் சொல் 'ங்க' போடும். ஏன் இப்படி மாற்றினீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விருந்துக்கு வந்தவரைத் தின்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. தின்ன வைத்தே ஆளைத் தீர்த்துக்கட்டுவதுதான் வழக்கம்.

முதலைக்குக் குரல் கொடுக்க முதலில் ஒரு நாடகக்காரரைத்தான் வைத்தோம். அவர் போட்ட உறுமலில் இரண்டு குழந்தைகள் பெஞ்சிலேயே மூத்திரம் போய்விட்டன. அவரை நிறுத்திவிட்டு அப்பா தானே தலைக்குள் இறங்கினார். வருகிறவர்களை முதலாளியே வாய் நிறையக் கூப்பிட்டால்தான் மரியாதை என்றார். போகிறவன் வருகிறவன் எல்லோரையும் வாய் நிறையக் கூப்பிட்டார். பார்க் நோட்டீஸை மட்டும் கோபிக்கு லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அதே டிரைவர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முதலைக்கு இருக்கிற புத்திகூட உங்களுக்கு இல்லை, அதுகூடக் குரங்கை நேரில் போய்த்தான் கூப்பிட்டது என்று பண்ணை ஆட்கள் முன்னாலேயே கத்திவிட்டேன். அப்பா கோழிகளுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டார். இரண்டு நாள் என்னிடம் பேசவும் இல்லை.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதலைமேல் மூட்டை முடிச்சு ஏற்றக் கூடாது என்பதால் எல்லோரும் பைகளை மரத்தடியில் வைத்துவிட்டுப் போவார்கள். பரணிலிருந்து கீழே பார்த்தேன். பைகளுக்கு நடுவே ஒரு பித்தளைத் தூக்குப்போசி. மூடியில் ஒரு நெளிசல். மூன்றாம் வகுப்பில் ஒருத்தன் மண்டையில் அதை நான் இறக்கியபோது விழுந்த நெளிசல் அது. நிமிர்ந்தால், முதலையின் முதல் பெஞ்சில், அப்பாவின் தலைக்கு நேர் பின்னால் அத்தை உட்கார்ந்திருக்கிறாள். கோபியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். கவுண்டரில் அடையாளம் தெரிந்து டிக்கெட் வேண்டாம் என்றிருக்கிறார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவளை யாரும் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை என்று சொல்லிப் பணத்தைத் தூக்கிப் போட்டாளாம். எங்கள் சாப்பாட்டில் கை நனைக்கக் கூடாது என்று தன் சோற்றைப் போசியில் கட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். இப்படி ஒரு வைராக்கியத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

உட்கார்ந்ததும் சும்மா இருந்தாளா? இது முதலையா லாரியா என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். அந்தக் குரல் தலைக்குள் போயிருக்க வேண்டும். அப்பாவின் கை தவறிப் பட்டதோ என்னவோ, முதலை நீளமாக ஒரு ஹாரன் அடித்தது.

முதலை கிளம்பி நடுக்குழிக்குப் போகவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. சுற்றியிருந்த தறிக்குடோன்கள் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. மோட்டார் நின்றது. முதலை நின்றது. பேட்டரி மைக் மட்டும் வேலை செய்தது. அதில் அப்பா மூச்சு விடுவது பார்க் முழுக்கக் கேட்டது. அந்த இடத்தில்தான் அவர் சாப்பிடக் கூப்பிடுகிற வசனம் வர வேண்டும். வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

நான் குரங்கு. குரங்குக்குப் பயமில்லை. மைக்கை எடுத்து, "மொதலையாரே, என்னமோ சொல்ல வந்தீங்களே. இப்பச் சொல்லாட்டி எப்பங்க சொல்லுவீங்க?" என்றேன்.

அப்புறம் அப்பாவின் குரல் வந்தது. முதலைக்குப் போடுகிற தடித்த குரல் இல்லை. "அக்கா, ஊட்டுக்குச் சாப்பிட வாங்க. அன்னைக்கே நான் வந்து கூப்பிட்டிருக்கோணும். வராம உட்டுப்போட்டனுங்க. தப்புதானுங்க."

பின் பெஞ்சிலிருந்த குடும்பம் இதுவும் வசனம் என்று நினைத்துக் கைதட்டியது. நாங்களும் வருகிறோம் என்று ஒருத்தர் குரல் கொடுத்தார். அத்தை கைதட்டவில்லை. எழுந்து, முதலையின் உச்சந்தலையை மூன்று தட்டுத் தட்டினாள்.

"தகரத்துக்குள்ள இருந்து கூப்பிட்டா எனக்குக் காது கேக்காது. வெளிய வா."

தலைமேல் இருந்த மூடி திறந்தது. அப்பா இடுப்பு வரை வெளியே வந்தார். பனியன் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது, மூக்கில் பச்சை பெயிண்ட். அக்காவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். மைக் உள்ளேயே கிடந்ததால் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இன்றுவரை இரண்டு பேரும் சொல்லவும் இல்லை. அத்தையின் பதில் மட்டும் கேட்டது. அவளுக்கு மைக் தேவையில்லை.

"என்ற போசிய மரத்தடியில வெச்சுப்போட்டு வந்துட்டேன். திருப்பு."

அது குரங்கின் வசனம். குரங்கு அப்படிச் சொல்லித்தான் தப்பித்துப் போகும். அப்பாவுக்கும் புரிந்திருக்க வேண்டும், முகம் தொங்கிவிட்டது. கரண்ட் வந்ததும் மோட்டார்க்காரருக்குக் கையைக் காட்டினார். முதலை பின்னால் நகர்ந்து மரத்தடிக்கே வந்தது. அத்தை இறங்கினாள். போசியை எடுத்தாள். மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு கேட் பக்கம் பார்த்தாள்.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். இருபது வயதில், பரணில், சிமெண்டுக் குரங்கைக் கட்டிக்கொண்டு அழுதேன். மைக் ஆன் ஆகியிருந்தது. எதிர்க்கரை வரை கேட்டிருக்கிறது. அம்மா பல்லில் நெற்றியை இடித்துக்கொண்டு முதலை வாய்க்குள்ளிருந்து ஓடி வந்தாள்.

அத்தை அண்ணாந்து பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு அப்புறம் என்னைப் பார்க்கிறாள். அழுகாமல் இறங்கி வரச் சொன்னாள். நான் ஏணியில் பாதியும் குதித்துப் பாதியுமாக இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னையும் இழுத்துக்கொண்டு நேராக முதலையிடம் போனாள். அப்பா இன்னும் அந்த ஓட்டைக்குள் பாதி ஆளாகத்தான் நின்றுகொண்டிருந்தார். முதல் பெஞ்சில் உட்கார்ந்து போசியை மடியில் வைத்துக்கொண்டாள். மூட்டை முடிச்சு ஏற்றக் கூடாது என்று அவளிடம் யார் சொல்வது?

"அந்தக் கொரங்குக்குப் புத்தி இருந்துது, மறுக்கா மொதல மேல ஏறுல" என்றாள் அப்பாவிடம். "எனக்கு இல்ல. எலையப் போடச் சொல்லு, தம்பி."