ஜூஜுவாடியில் என் காதில் விழுந்த "இல்லி"

அறுபத்தெட்டாம் வருடம் ஐப்பசியில், மனைவி மரியாளையும் எட்டு மாதக் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓசூரில் வந்து இறங்கினேன், பிரியமானவர்களே. திருநெல்வேலியில் நான் சமையல் செய்த மெஸ்ஸை மூடிவிட்டார்கள். பெங்களூர் ரோட்டில் ஓயாமல் லாரி போகிறது, சாப்பாட்டுக் கடை போட்டால் பிழைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பி, வீட்டைக் காலி செய்து, அண்டா குண்டானோடு வந்துவிட்டேன். கடைக்கு இடம் மட்டும் பார்க்கவில்லை. அவ்வளவு புத்திசாலி நான்.

காகிதத்தில் கடை தயாராக இருந்தது. முன்னால் ஆறு மேஜை, பின்னால் இரண்டு அடுப்பு, பக்கத்தில் கை கழுவத் தொட்டி, லாரி நிற்க அகலமான வாசல். வரைந்து வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன். ஆனால் கிணறு இருந்த இடத்தில் லாரி நிற்க வழியில்லை. ரோட்டோரத்து இடத்தில் தண்ணீர் இல்லை. இரண்டும் இருந்த இடத்தில், "கறி சமைப்பீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் பேச்சு முடிந்தது. பத்து நாள் நடந்தேன். சபையார் ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டில் எங்களைத் தங்கவைத்திருந்தார். சனிக்கிழமை அவர் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். அதற்குள் நாங்கள் கிளம்பியாக வேண்டும்.

வியாழக்கிழமை மாநில எல்லையோரத்து ஜூஜுவாடி வரை நடந்தேன். செக்போஸ்ட்டைத் தாண்டி வரும் லாரிகள் மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் ஒரு மேட்டு நிலம். இரண்டு புளியமரம். தண்ணீர் நிறைந்த கிணறு. நிலத்துக்காரர் கெம்பண்ணா கன்னடக்காரர். காகிதத்தைக் காட்டி, "கறிச் சாப்பாட்டுக் கடை போட இடம் தருவீங்களாய்யா?" என்றேன். அவர் வாய் நிறைய வெற்றிலை. முகத்தில் சிரிப்பில்லை. கைத்தடியால் தரையைத் தட்டி, "இல்லி! இல்லி!" என்று சத்தம் போட்டார்.

இல்லை என்று விரட்டுகிறார் என நினைத்துத் திரும்பி நடந்தேன். பின்னால் ஏதோ கத்தினார். ஏச்சு வேறா என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

வழியில் மழை பிடித்தது. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "ஆண்டவரே, இவ்வளவு பெரிய பூமியை உண்டாக்கினீரே, அதில் எனக்கு ஒரு அடுப்பு வைக்க இடமில்லையா? ஒரு இடம் காட்டும். இல்லாவிட்டால் என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்றேன். காகிதம் நனைந்து மை கரைந்துவிட்டது. மரியாள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். மறுநாள் முழுதும் உபவாசமிருந்து ஜெபித்தோம். ஒன்றும் நடக்கவில்லை. "ஊருக்கே போயிருவோம்" என்றாள்.

சனிக்கிழமை காலை அண்டாக்களோடு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். சேலம் பஸ் வரவே இல்லை. எல்லோரும் பஸ்காரனைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். அப்போது சந்தைக்கு வந்த கெம்பண்ணா என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏன்யா, இடம் காட்டினா ஓடிப் போய்ட்டே? நாலு மூலையிலயும் முளை அடிச்சு வெச்சிருக்கேன்!"

"நீங்கதான இல்லன்னு சொன்னீங்க?"

"நானு எங்கய்யா இல்லேன்னேன்? இல்லின்னேன். எங்க பாஷையில இல்லின்னா இங்கேன்னு அர்த்தம்!"

"கறி சமைப்பேன்யா..."

"பின்னே, லாரிக்காரங்க புல்லா தின்பாங்க?"

குழந்தையை இறுக்கிக்கொண்டு மரியாள் அங்கேயே முழங்காலில் விழுந்தாள். நான் திட்டிய பஸ்ஸை யார் நிறுத்திவைத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. ஆண்டவரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

கடை போட்டோம். பலகையில் கன்னடக்காரர்களுக்காக, இங்கே சாப்பாடு என்று அர்த்தம் வர, "இல்லி ஊட்டா" என்று எழுதலாம் என்றேன். மரியாள் விடவில்லை. "நம்ம ஊர்க்காரவுக சாப்பாடு இல்லன்னு போயிருவாக" என்றாள்.

முன்பெல்லாம் காரியம் தட்டிப்போனால் ஆண்டவரிடம் முறைத்துக்கொள்வேன். இப்போது இன்னொரு முறை கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள், பிரியமானவர்களே. கதவு சாத்திவிட்டது என்று மூட்டை கட்டிவிடாதீர்கள். கெம்பண்ணா அன்று தடியால் தட்டிய அதே இடத்தில்தான் என் அடுப்பு எரிகிறது.