நீலம் படிந்த உருண்டை

ஆய்வுக்கூடத்தில் அவளை ‘எலும்பக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்திலிருந்த பாழடைந்த மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு கூகை ஆந்தை ஜோடி குடியிருந்தது. இரையை விழுங்கிவிட்டு, செரிக்காததை உருண்டையாகக் கக்கிப் போடும். பதினோரு வருஷமாக அதைப் பொறுக்கி வந்து, வெந்நீரில் ஊறவைத்து, சாமணத்தால் ரோமத்தை விலக்கி மண்டையோடுகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. பல்லைப் பார்த்தே சுண்டெலியா மூஞ்சூறா என்று சொல்லிவிடுவாள்.

“கூகைக்கு நீங்கதான்க்கா மாமியார்! என்ன தின்னுதுன்னு இப்படித் துருவுறீங்களே” என்று சிரித்தார் ஆராய்ச்சி செய்யும் மேடம்.

“மருமக மூணு குஞ்சு வச்சிருக்கா மேடம். வயிறாரச் சாப்பிடணும்ல?”

சொல்லி வாய் மூடவில்லை, ஊறிய உருண்டையைச் சுற்றித் தண்ணீர் நீலமாயிற்று. ரோமத்துக்குள் நீலச் சாயமேறிய தானியக் குருணை.

அவள் சாமணத்தைக் கீழே வைத்தாள்; அந்த நீலம் அவளுக்குத் தெரியும். செத்துப்போன கணவனின் சட்டை ஒன்றை, அவன் வாசம் போகக்கூடாதென்று துவைக்காமலே பெட்டியில் வைத்திருந்தாள். போன வாரம் எலி அதன் காலரைக் கடித்துக் குதறிவிட்டது. அழுது தீர்த்த கையோடு வீட்டு மூலையெல்லாம் நீல எலிமருந்து வைத்தாள். வீடு, தொட்டிக்குப் பின்தெருவில்தான்.

“மேடம்... விஷமும் இதோட வெளிய வந்திருக்கும்ல?”

“எலும்பும் ரோமமும்தான்க்கா வரும். விஷம் உடம்புல தங்கிடும். எந்தப் பாவி வச்சானோ!”

“நான்தான் மேடம்.”

மேடம் குருணையை ஒரு குப்பியில் போட்டு மூடினார். திட்டியிருந்தால் தேவலை.

அவள் வீட்டுக்கு ஓடிப்போய் மருந்தையெல்லாம் அள்ளிக் கட்டினாள். ஆனால் தின்ற எலிகளை எங்கே போய்த் தேடுவாள்? மறுநாள் காலை இரண்டு உருண்டைகள். அடுத்த நாள் ஒன்று. நான்காம் நாள் ஒன்றுமில்லை. தொட்டியடியில் தாய்க் கூகை சிறகு விரித்துக் கிடந்தது. மேலே குஞ்சுகள் பசியில் சீறிக்கொண்டிருந்தன.

“ஈரலைச் சோதிக்கணும், கொண்டு வாங்க” என்றார் மேடம், முகம் பார்க்காமல். அவள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்தாள். அதில் பறவையைச் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஆய்வுக்கூடத்துக்கு ஏந்திப் போனாள்.

பதிவேட்டில் நீல உருண்டையின் வரி மட்டும் இன்னும் நிரப்பாமல் இருந்தது. ‘இரை’ என்ற கட்டத்தில் எழுதினாள்:

என் வீட்டு எலி.